முப்பத்தேழு கிராம்

வியாழக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு, கடைத்தெருவின் ஆறாம் எண் அறையில், எண்பது வருடம் தங்கமாக இருந்த ஒரு வளையல் செம்பாக மாறியது. சத்தம் இல்லை, புகை இல்லை. வளையலைக் கையில் வைத்திருந்தவருக்கே அது தெரியவில்லை. அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தார். அறையில் அவரையும் சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். அவர் பேசியதால்தான் அது மாறியது என்பதைப் பின்னால் அவர் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருத்தி அவருடைய மகள்.

அவர் பழைய நகை மதிப்பீட்டாளர். முப்பத்தொரு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. ஒரு பக்கம் கடிகாரம் பழுது பார்ப்பவர், மறுபக்கம் காகிதக் கடை. மேஜைமேல் கழுத்து வளைந்த விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, கறுப்பு உரைகல், மூடி இறுக்கிய அமிலச் சீசா, ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல. ஊர் அவருக்குத் தராசு என்றே பெயர் வைத்திருந்தது. நகையைக் கையில் வாங்கியதும் அவர் மினுக்கும் பக்கத்தைப் பார்க்க மாட்டார். கொக்கியின் உள்வளைவு, கண்ணியும் கண்ணியும் தேயும் இடம், மோதிரத்தின் அடிப்பக்கம், இவற்றைத்தான் முதலில் பார்ப்பார். முலாம் பூசியவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தேய்மானத்துக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. பிறகு உரைகல்லில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு கரைந்தால் பித்தளையோ செம்போ. நின்றால் தங்கம், அல்லது கனமான முலாம். சந்தேகம் மிஞ்சினால் அரத்தால் ஒரு கீறல். கீறவும் வழியில்லை என்றால் தண்ணீர். முடிவை ஒரே சொல்லில் சொல்வார். வருத்தம் தெரிவிக்க மாட்டார். முலாம் என்று கேட்டு அழுதவர்களுக்கு அவர் நாற்காலிகூட நகர்த்திப் போட்டதில்லை. அதனால்தான் ஊர் அவரை நம்பியது. தராசு சொன்ன பிறகு இன்னொரு இடத்தில் காட்டிப் பார்ப்பது, டாக்டர் கைவிரித்த பிறகு பிணத்துக்கு இருமல் மருந்து கொடுப்பது போல என்பார் கடிகாரக்காரர். வீட்டில் அந்த மரியாதை கொஞ்சம் குறைவு. "உலகத்துக்கெல்லாம் நிறுத்துக் கொடுப்பாரு. வீட்டுல உப்பு எது சர்க்கரை எதுன்னு நக்கிப் பார்த்தாத்தான் தெரியும்," என்பாள் மனைவி.

வளையல் மகளின் மாமியாருடையது. அந்த அம்மாள் நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். நாலு வருடமும் அவரைப் புரட்டிப் போட்டது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் மகள்தான். அம்மாளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் வேறு வீட்டில் இருந்தான். மாதம் ஒரு தடவை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மா இளைத்துவிட்டார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவான். இளையவன் மகளின் கணவன். நல்லவன் என்று எல்லாரும் சொன்னார்கள், அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லாததால். மணிக்கட்டு மெலிந்து வளையல் தானாகக் கழன்று போர்வையில் விழுந்த அன்று, மாமியார் அதை எடுத்து மகளிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொன்னார். மகள் வைத்தாள். சாவி அவளிடம் இருந்தது. மாமியார் இறந்து ஒரு மாதம் கழித்துப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, மூத்தவன் வளையலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நிறம் ஒரு மாதிரி இருக்கிறதே என்றான். வெள்ளைச் சட்டைக்கும் வெளுத்த சட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன் அவன். ஆனால் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு சோதிக்காமல் விட முடியாது.

யார் சோதிப்பது என்பதற்கும் அவனே பதில் வைத்திருந்தான். "உங்களை விட்டா ஊர்ல யாரு இருக்கா மாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க வாய மூடிக்கிறோம்." பேச்சில் பணிவுக்குக் குறைவில்லை. அன்று காலை மனைவி அவர் வழியை மறித்து நின்றாள். "நீங்க பார்க்காதீங்க. கண் வலின்னு சொல்லுங்க. வெளியூர்ல யாராவது பார்க்கட்டும்." அவர், மகள் என்றால் ஒரு தராசு, மற்றவர்களுக்கு ஒரு தராசா என்று கேட்டார். "நான் தராசக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்," என்றாள் அவள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை வரை நடையில் ஒரு மிடுக்கு இருந்ததைக் காகிதக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். நியாயமாக நடந்துகொள்ளப் போகிறவர்களுக்கு வரும் மிடுக்கு அது.

பதினொரு மணிக்கு மூத்தவன் வந்தான், அவன் மனைவி வந்தாள், மகளும் மருமகனும் வந்தார்கள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று மூத்தவன் பக்கத்து அறையிலிருந்து கடிகாரக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டான். வளையல் கனமாக இருந்தது, விரல் தடிமன், மேலே வேலைப்பாடு எதுவும் இல்லை. உரைகல்லில் இழுத்தார். கோடு மஞ்சளாக விழுந்தது. அமிலம் விட்டார். கோடு நின்றது. கனமான முலாம் பூசியிருந்தாலும் கோடு நிற்கும், எனவே அரத்தை எடுத்தார். மூத்தவன் கையை நீட்டித் தடுத்தான். பழைய பொருளில் கீறல் விழுந்தால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான், கீறாமல் சொல்ல முடியாதா என்றான். முடியும் என்றார். தராசில் வைத்தார், முப்பத்தேழு கிராம். பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தார், முப்பத்து மூன்று. தண்ணீரில் குறைந்தது நாலு. முப்பத்தேழில் நாலு எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். தங்கமானால் பதினேழு தடவைக்கு மேல் அடங்க வேண்டும். ஒன்பதுதான் வந்தது. ஒன்பது செம்பின் எண்.

ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வளையலை உள்ளே குழலாகச் செய்து, நசுங்காமல் இருக்க அரக்கை ஊற்றி நிரப்புவார்கள். அப்படிப்பட்ட வளையல் அசல் தங்கமாக இருந்தாலும் தண்ணீரில் நிறுத்தால் பொய் சொல்லும். அரக்கு ஊற்றிய துளையை உள்விளிம்பில் அடைத்திருப்பார்கள், ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும். லென்ஸைக் கண்ணில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் அகப்பட்டுவிடும். வேறு யாருடைய வளையலாக இருந்தாலும் அவர் அதைத்தான் செய்திருப்பார். லென்ஸ் கையில்தான் இருந்தது. அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது மூத்தவனின் பார்வை லென்ஸோடு கூடவே வருவதைக் கண்டார். எண் தெளிவாக வந்த பிறகும் தராசு மகளுக்காக ஓட்டை தேடுகிறது என்று அவன் நினைப்பான். நாளைக்கு ஊரும் நினைக்கும். லென்ஸை மேஜையில் வைத்தார். அவர் செய்த பிழை மொத்தம் அவ்வளவுதான். துளையைத் தேடியிருந்தால் பதினைந்து விநாடி ஆகியிருக்கும்.

லென்ஸை வைத்ததும் மகளைப் பார்த்தார். அவள் மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாலு வருடம், ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, அலுத்துப்போய் மாற்றியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் நம்பினார். அரைகுறையாக அல்ல, முழுதாக. பிறகு சொன்னார். "முலாம். உள்ள செம்பு." அப்போது மணி பதினொன்று நாற்பது. கடிகாரக்காரருக்கு எந்த நிமிடத்தையும் பார்க்காமல் விட முடியாது.

"அம்மா கையில இருந்தது தங்கம் மாமா. அது நம்ம எல்லாருக்கும் தெரியும்," என்றான் மூத்தவன். "அப்ப மாத்தினது யாரு?"

இதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மதிப்பீட்டாளரிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. "பீரோ சாவி யார் கையில இருந்துச்சோ, அவங்கதான் மாத்தியிருக்கணும்," என்றார். மகள் சுரண்டுவதை நிறுத்தினாள். "அப்பா?" என்றாள். மருமகன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தான். மூத்தவனின் மனைவி, "நாலு வருஷம் அவ்வளவு அக்கறையா பார்த்துக்கிட்டப்பவே நினைச்சேன்," என்றாள். இனி விலை குறைய எதுவும் இல்லை என்பதால் வளையலை அறுத்துக் காட்டச் சொன்னான் மூத்தவன். சின்ன ரம்பத்தால் அறுத்தார். வெட்டில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. பழைய அழுக்கு என்று மூத்தவன் அதை வாயால் ஊதிவிட்டான். எல்லாரும் போனார்கள். துண்டுகளை யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அவர் மேஜையைத் துடைத்தார். துண்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன் பழக்க தோஷத்தில் தராசில் வைத்தார். இருபது கிராம். தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இருபது. காலையில் இருந்த பதினேழு கிராமை மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார், நாற்காலிக்குக் கீழே தேடினார், செருப்பைக் கழற்றி உதறினார். பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு துண்டுகளின் உள்விளிம்பைப் பார்த்தார். துளை இருந்தது, அடைப்பும் இருந்தது. குழலுக்குள் ஒட்டியிருந்தது அழுக்கு அல்ல, அரக்கு. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தத் தடிமனில் ஒரு தங்கக் குழல், அதற்குள் நிறைய அரக்கு, இரண்டும் சேர்ந்து முப்பத்தேழு. அதே தடிமனில் செம்புக் குழல், அதே அரக்கு என்றால் இருபது. பதினொன்று பத்துக்கு முப்பத்தேழு இருந்தது. உரைகல்லில் காலையில் இழுத்த கோடு கறுப்பின்மேல் மஞ்சளாக, அசையாமல் இருந்தது. தங்கம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறது. மேலே முலாம் என்றார், மேலே முலாம் ஆயிற்று. உள்ளே செம்பு என்றார், உள்ளே செம்பு ஆயிற்று. அரக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அது அரக்காகவே இருந்தது.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பதினோரு நாள் சொல்லவில்லை. சொன்னால் துளையைத் தேடாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முப்பத்தொரு வருடம் போய்விடும். இன்னும் நன்றாக யோசித்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். மகள் அன்று மாலையே இரண்டு பைகளோடு வந்துவிட்டாள். மருமகன் தெருமுனை வரை வந்து ஒரு பையைத் தூக்கித் தந்தான் என்று அதையும் ஒரு நல்ல குணமாகச் சிலர் பேசினார்கள். முதல் ஏழு நாளும் காலையில் எழுந்ததும் அவர் எதிரில் வந்து நின்று, "நான் எடுக்கலப்பா," என்றாள். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். எட்டாம் நாள், "நான் எடுத்திருக்க மாட்டேன்பா," என்றாள். பத்தாம் நாள், "நான் எதுக்கு எடுக்கப் போறேன்?" என்று சுவரைக் கேட்டாள். பதினோராம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வெகுநாளைக்கு முன் படித்த பாடத்தை நினைவுபடுத்துகிறவள் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் துண்டுத் தாளையும் வளையல் துண்டுகளையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தேழு, இருபது, அரக்கு, துளை, லென்ஸ். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "இல்லப்பா. நான்தான் மாத்தினேன்," என்றாள். அன்று மழை பெய்தது என்றாள். பச்சைக் கதவு போட்ட கடை. உள்ளே ஒரு ஆள், கட்டை விரலில் துணி சுற்றியிருந்தான். அளவு எடுத்துக்கொண்டு, இதே மாதிரி செம்பில் செய்து முலாம் போட்டுத் தர இரண்டு வாரம் ஆகும் என்றான். போலியை பீரோவில் வைத்தபோது மாமியார் பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்டார். டம்ளரைக் கொண்டுபோகும்போது போர்வையில் கொஞ்சம் சிந்தியது. எல்லாம் சொன்னாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "பைத்தியமாடி உனக்கு? இந்த ஊர்ல பச்சைக் கதவு எங்கடி இருக்கு?" என்றாள். அவர் மூன்று நாள் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். பச்சைக் கதவு போட்ட கடை எந்தத் தெருவிலும் இல்லை. வந்து சொன்னார். "காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க," என்றாள் மகள், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வளையலைச் செம்பாக்கிய அதே பேச்சின் மற்றொரு பாதி அது. சாவி வைத்திருந்தவர்தான் மாற்றியிருக்க வேண்டும் என்றார். அவள் மாற்றியவள் ஆனாள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மனிதர்கள் தங்கத்தைப் போல உடனே ஒத்துக்கொள்வதில்லை.

மாறியதைத் திருப்ப அவர் எல்லா வழியும் பார்த்தார். தினமும் காலையில் செம்புத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து, தங்கம், தங்கம் என்று சொன்னார். தினமும் காலையில் மகளிடம், நீ எடுக்கவில்லை என்று சொன்னார். துண்டுகள் இருபது கிராமிலேயே இருந்தன. மகள், "சரிப்பா," என்றாள், காய்ச்சல்காரரிடம் சொல்வதுபோல. மூன்று மாதம் கழித்து வேறொன்று தோன்றியது. தன் வாய்ச் சொல்லுக்குத் தங்கம் மாறும் என்பதை நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டால், அன்றைக்கும் அப்படித்தான் மாறியது என்று ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். மனைவியிடம் அவள் கழுத்துச் சங்கிலியைக் கேட்டார். அவள் கழற்றிக் கொடுத்தாள். மூத்தவனையும் அவன் மனைவியையும் மருமகனையும் வரவழைத்தார். கடிகாரக்காரர் கூப்பிடாமலே வந்தார். மகள் கதவோரம் நின்றாள். சங்கிலி இருபத்து நாலு கிராம். எல்லாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் சங்கிலியைக் கையில் எடுத்து, "முலாம்," என்றார். தட்டில் வைத்தார். முள் இருபத்து நாலில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "முலாம். உள்ள செம்பு," என்றார். இருபத்து நாலு. மூன்றாம் தடவை கத்தினார். காகிதக் கடையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். முள் அசையவில்லை.

"பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்க," என்றான் மூத்தவன். "உங்களுக்குக் கொஞ்சம் லேட்டா பிடிச்சிருக்கு மாமா." சிரிக்கவில்லை. நல்ல மனிதனைப் போல அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அவருக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. சங்கிலி தங்கம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று சங்கிலிக்கும் தெரியும். வெறும் வாயால் சொல்வதற்கு எதுவும் மாறாது. மனசார நம்பிச் சொன்னால்தான் மாறும். வளையல் மாறியது என்றால், அந்த நிமிடத்தில் அவர் நம்பியிருக்கிறார். இதைவிடக் கனமான அத்தாட்சி அவருக்கு எதிராக வேறு கிடைக்காது. மனைவி சங்கிலியை வாங்கி மாட்டிக்கொண்டாள். கொக்கியைப் பின்கழுத்தில் தடவிப் போட்டபடி, "என் சங்கிலி தப்பிச்சுது," என்றாள். "பொண்ணுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல." அன்றிலிருந்து ஆறு வருடம், இறக்கும்வரை, அவள் அவரிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

தெருவில் கதை பரவியது. யாரும் நம்பவில்லை. ஆனாலும் அவர் எதிரே வந்தால் பெண்கள் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள், ஆண்கள் மோதிரக் கையைப் பைக்குள் விட்டார்கள். நம்பாததற்குப் பயப்படுவதில் தவறில்லை என்று கடிகாரக்காரர் விளக்கம் சொன்னார். அவரும் தன் தங்க நிறக் கைக்கடிகாரத்தை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார். அது தங்கம் இல்லை. தராசு அதன்பிறகு வேலையில் முலாம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. தங்கமாக இருந்தால் தங்கம் என்றார், இல்லாவிட்டால் நகையைப் பேசாமல் திருப்பித் தந்தார். முன்பு முலாம் என்று திருப்பி அனுப்பியவற்றை ஞாபகத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். முப்பத்தொரு வருடம், எவ்வளவு எவ்வளவு நகை. தப்பு என்று சொன்ன பொருளை மறுபடி நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அதற்குமுன் அவருக்கு இருந்ததில்லை. ஒரு தையல்காரரின் வீட்டைத் தேடிப் போனார். காதணி ஒன்று, பதினெட்டு வருடத்துக்கு முன்னால். தையல்காரர் வாசலிலேயே நின்று பேசினார். "முலாம் தோட்டப் போட்டு ஏமாத்திக் கட்டி வெச்சுட்டாங்கன்னு என் பொண்டாட்டிய அவங்க வீட்டுக்கே அனுப்பிட்டேன். நல்லவேளை, அன்னைக்கு நீங்க சொன்னீங்க," என்று கைகூப்பினார். தராசு திரும்பி வந்துவிட்டார். வேறு வீடுகளைத் தேடிப் போகவில்லை.

மருமகன் மட்டும் மாதம் ஒரு முறை வந்து வாசலில் நிற்பான். உள்ளே வரச் சொன்னால் பரவாயில்லை என்பான். அவனுக்கு அவள் மேல் ஆசை இருந்தது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. "ஒரு தடவை ஒத்துக்கிட்டா போதும். நான் அண்ணன்கிட்ட பேசிக் கூட்டிட்டுப் போறேன். யாரு தப்பு பண்ணல?" என்று இரண்டு வருடம் வாசலில் நின்று சொன்னான். தராசு ஒவ்வொரு முறையும் துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்து முப்பத்தேழு, இருபது என்று ஆரம்பிப்பார். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூன்றாம் வருடம் ஒரு நாள் மகளே வாசலுக்குப் போய், தான் எடுத்ததாகச் சொன்னாள். மழை, பச்சைக் கதவு, கட்டை விரல், சிந்திய தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. அவன் நின்று முழுவதையும் கேட்டான். இவ்வளவு விவரமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "அம்மா தண்ணி கேட்டப்பவா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

மகளுக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. கிழிந்த உறைகளை ஒட்டி அனுப்பும் பிரிவு. பத்து வருடம் அவள் கையில் ஒரு பொருள் காணாமல் போகவில்லை. உறைக்குள்ளிருந்து நழுவிய ஒரு வெள்ளி மோதிரத்துக்கு உரியவரை நாற்பது கடிதம் எழுதிக் கண்டுபிடித்தாள். அலுவலகத்தில் அதற்காகப் பாராட்டினார்கள். "நான் அப்படிப்பட்டவ இல்ல, உங்களுக்குத் தெரியாது," என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. போலியை பீரோவில் வைத்தது ஞாபகம் இருந்தது. அசலை எங்கே வைத்தாள் என்பது ஞாபகம் வரவில்லை. விற்கவில்லை, அது நிச்சயம். எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள். கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இந்தாங்க என்று சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து தெருவில் நடந்து வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினாள். தலையணைகளைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டினாள். பூந்தொட்டிகளைக் கவிழ்த்தாள். குளியலறையில் தளத்துக் கற்கள் நாலைப் பெயர்த்துவிட்டு, திரும்பப் பதித்தாள். அம்மாவின் தையல் இயந்திரத்தை ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். அம்மா இறந்த பிறகு அம்மாவின் துணிகளின் மடிப்புகளை எல்லாம் பிரித்துப் பார்த்தாள். மூத்தவன் இறந்துபோன செய்தி வந்தபோது, அவன் மனைவி இருக்கிறாளே, அவளிடம் கொடுத்தால் போதும் என்று தேடலைத் தொடர்ந்தாள். தராசு பின்னாலேயே நடந்து, அவள் பிரித்ததை எல்லாம் ஒழுங்கு செய்து வைத்தார். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லையம்மா என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதற்குக் காரணம் வயது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கட்டிலைக் கவிழ்த்து அதன் கால்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாலாவது காலில் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டது. அங்கே இருக்கலாம் என்று ஒரு கணம் அவரும் எதிர்பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்பார்த்தார்.

அது பதினோராம் வருடம். அதற்குப் பிறகு அவர் ஆறாம் எண் அறையைக் காலி செய்துவிட்டார். அங்கே இப்போது குடை தைக்கிறார்கள். தெருவில் அவரைப் பார்த்துக் கழுத்தை மூடிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. ஏன் மூடுகிறோம் என்று தெரியாத சின்னப் பெண்களும் மூடினார்கள். மழைக்குக் குடை, தராசுக்குக் கை என்று ஆகிவிட்டது. அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு, பூமியைப் பார்த்தே நடந்து பழகினார்.

பதின்மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மகள் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் இனிப் பிரிக்க எதுவும் பாக்கி இல்லை. முடியில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. எப்போதும் அவள் பேச்சில் இருந்த அவசரம் அன்று இல்லை. தபால் அலுவலகத்தில் முகவரி தெரியாத கடிதத்தை மேலதிகாரியிடம் நீட்டுகிறவள்போல, யோசித்துச் சரியான இடத்துக்கு வந்துவிட்டவள்போலப் பேசினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கறது எல்லாமே நீங்க சொன்ன பிறகு வந்ததுதான்பா. நீங்க சொல்லாத இடம்தான் இருட்டா இருக்கு. அதனால நீங்களே சொல்லிடுங்க."

அவர் அவள் முடியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிடக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா வாயால சொல்லாதீங்க, அது பலிக்காது. கண்ண மூடிட்டு நல்லா யோசிச்சு, அங்கதான் இருக்குன்னு நீங்க முழுசா நம்பின பிறகு சொல்லுங்க. நான் அத எங்கப்பா வெச்சேன்?"